தானமாய் வந்த மாட்டின் பல்: எட்டு ஆண்டு அனுபவம்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பார்கள். நான் எட்டு ஆண்டுகளாக ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் அலுவலகத்தைக் கவனித்து வருகிறேன். அங்கே இருக்கும் கணினிகளில் ஒன்றுகூட நாங்கள் வாங்கியதல்ல. மென்பொருள்களும் பெரும்பாலும் நன்கொடைதான். அவற்றைப் பொருத்தித் தந்தவர்களும் சம்பளம் வாங்காதவர்கள். இவ்வளவு தானத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்: பல்லைப் பார்த்தே ஆக வேண்டும். சிரித்த முகத்தோடு பாருங்கள், நன்றி சொல்லிவிட்டுப் பாருங்கள், ஆனால் பாருங்கள்.

எங்கள் வேலை எளிமையானது. தனியாக வாழும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்போம். மருத்துவமனைக்கு அழைத்துப் போவோம். மருந்து தீர்வதற்கு முன் வாங்கிக் கொடுப்போம். சம்பளத்துக்கு ஐந்து பேர், தன்னார்வலர்கள் முப்பது பேர் வரை. 2018 வரை எல்லாமே ஒரு தடித்த ரிஜிஸ்டரிலும், செயலாளர் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஒரு பழைய லேப்டாப்பிலும்தான் நடந்தது.

அந்த ஆண்டு ஒரு நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை மாற்றியபோது பழையவற்றை எங்களுக்குத் தந்தது. பதினொரு டெஸ்க்டாப். கைகுலுக்கிப் படம் எடுத்தார்கள், வண்டி போனது, நாங்கள் பெட்டிகளைப் பிரித்தோம். பதினொரு சிபியு இருந்தது, மானிட்டர் ஒன்பது, பவர் கேபிள் ஆறு. மானிட்டரில் விஜிஏ சொருகுவதற்கு மட்டும்தான் இடம், சிபியுவில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான். இரண்டையும் இணைக்கும் அடாப்டர் ஒன்றுகூட வரவில்லை. ஏழு பெட்டிகளில் ஹார்டு டிஸ்க்கே இல்லை. "எங்கள் தகவல் பாதுகாப்பு விதிப்படி டிஸ்க்கைக் கழற்றி அழித்துவிடுவோம்" என்று பிறகு போனில் சொன்னார்கள். நியாயமான விதிதான். முன்னாலேயே சொல்லியிருந்தால் டிஸ்க்குக்கும் யாரிடமாவது கேட்டு வைத்திருப்போம்.

பெரிய தலைவலி மீதி நான்கு பெட்டிகளில் வந்தது. அவற்றில் டிஸ்க் இருந்தது, அதில் அந்த நிறுவனத்தின் ஊழியர் சம்பளப் பட்டியலும் இருந்தது. பெயர், வங்கிக் கணக்கு எண், விடுப்புக் கடிதங்கள் எல்லாம். திறந்த வேகத்தில் மூடினேன். கழற்றி அழிக்கும் விதி ஏழு கணினிக்குச் செல்லுபடியாகி நான்குக்கு ஏன் ஆகவில்லை என்பது இன்றுவரை தெரியாது.

எங்களிடம் அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த தன்னார்வலர் ஒருவர், வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆன தம்பி, அன்று மாலை வந்து பார்த்தார். "ஃபார்மட் பண்ணினா போதும்னு நினைக்காதீங்க அக்கா" என்றார். சாதாரணமாக நாம் செய்யும் விரைவு ஃபார்மட்டில் டிஸ்க்கின் பொருளடக்கம்தான் போகிறது. பக்கங்கள் அப்படியே இருக்கும், மீட்கும் மென்பொருள் இருந்தால் யாரும் படிக்கலாம். சுழலும் வகை டிஸ்க் என்றால் ஒவ்வொரு இடத்தின் மேலும் புதிதாக எதையாவது எழுதி நிரப்ப வேண்டும். அதற்கு என்வைப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்தினார். ஒரு டிஸ்க்குக்குப் பல மணி நேரம் ஆனது, இரவெல்லாம் ஓடவிட்டோம். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வகை டிஸ்க் என்றால் இந்த முறையை நம்பக் கூடாதாம். தேய்மானம் சமமாக இருப்பதற்காக எஸ்எஸ்டி தானே தகவலை இடம் மாற்றி மாற்றி எழுதும், ஒதுக்கி வைத்த பகுதிகளும் அதற்குள் உண்டு, நாம் மேலே எழுதுவது அங்கெல்லாம் போய்ச் சேராது. அதற்கென்று டிஸ்க்கிலேயே இருக்கும் அழிப்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் இதற்காகவே 800-88 என்ற வழிகாட்டி வைத்திருக்கிறது. மேலெழுதுவது, மீட்கவே முடியாதபடி துடைப்பது, உடைத்து அழிப்பது என்று மூன்று நிலை. இப்போது கணினி தர யாராவது முன்வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி டிஸ்க்கைப் பற்றித்தான். துடைத்துவிட்டுத் தாருங்கள், துடைத்ததாக ஒரு கடிதமும் தாருங்கள். கேட்கச் சங்கடமாக இருக்கும். அடுத்தவர் சம்பளப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சங்கடத்துக்கு இது எவ்வளவோ மேல்.

சரி, கணினிகளுக்கு வருவோம். பதினொன்றில் எட்டைத் தேற்றினோம். மற்ற மூன்றும் உதிரிபாகமாகப் போயின. நான்காம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ராம். விண்டோஸ் 7 போட்டு ஓட்டிப் பார்த்தால், பொத்தானை அழுத்திவிட்டு நான் போய் முகம் கழுவிவிட்டு வரலாம். தம்பி ஒரு கணினிக்கு மட்டும் 240 ஜிபி எஸ்எஸ்டி போட்டு, உதிரியாகக் கிடந்த ராமையும் சேர்த்து 8 ஜிபி ஆக்கிக் காட்டினார். அரை நிமிடத்தில் திரை வந்தது. இந்த எட்டு ஆண்டில் பணமாகச் செலவழித்து மிகவும் பயன் கண்ட இடம் எது என்று கேட்டால் தயங்காமல் எஸ்எஸ்டி என்பேன். நன்கொடைக் கணினி ஒன்றை ஏற்றுக்கொள்ளும்போதே அதற்கு ஒரு எஸ்எஸ்டி வாங்கும் காசையும் ஒதுக்கி வையுங்கள். அந்தக் காசு இல்லையென்றால் கணினியையும் வாங்காதீர்கள்.

2020 ஜனவரி 14-ஆம் தேதி விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட் நின்றது. அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தம்பி நச்சரித்துக்கொண்டிருந்தார், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம் என்று. அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான வகை. எனக்குப் பயம். கணக்கு பார்ப்பவருக்கு அதைவிடப் பயம். முதலில் வரவேற்பறைக் கணினியில் மட்டும் போட்டோம். ஒரு மாதம் யாரும் குறை சொல்லவில்லை. பிறகுதான் தெரிந்தது, இருவர் அதை விண்டோஸின் புது வடிவம் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள்! பிரவுசர் திறக்கிறது, கடிதம் அடிக்க முடிகிறது, பிரிண்ட் வருகிறது. அவர்களுக்கு அதற்கு மேல் கவலை இல்லை.

எல்லாம் சுமுகம் என்று சொல்ல மாட்டேன். கணக்கு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும், ஆகவே அந்த ஒரு கணினி விண்டோஸிலேயே தங்கிவிட்டது. ஒரு பழைய ஸ்கேனர் லினக்ஸில் கடைசிவரை வாய் திறக்கவில்லை. வேர்டு, எக்செலுக்கு மாற்றான இலவச லிப்ரே ஆஃபிஸ் அன்றாடக் கடிதம், பட்டியல், முகவரி ஒட்டுத்தாள் எல்லாவற்றுக்கும் நன்றாகவே போதும். ஆனால் நிதி தரும் அமைப்புகள் அனுப்பும் விண்ணப்பப் படிவங்கள் வேர்டில் வரும். அட்டவணைக்குள் அட்டவணை, அதற்குள் டிக் போடும் கட்டம். லிப்ரே ஆஃபிஸில் திறந்து சேமித்துத் திருப்பி அனுப்பினால் அந்தப் பக்கம் கட்டங்கள் கலைந்து நிற்கும். ஒருமுறை எங்கள் வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பத்தி முழுக்கக் காணாமல் போயிருந்தது. அவர்கள் நல்லவர்கள், போன் செய்து கேட்டார்கள். அன்றிலிருந்து வெளியே போகும் படிவங்களை மட்டும் வேர்டில் நிரப்புகிறோம்.

பிரிண்டரைப் பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத மாட்டேன், கோபம் வரும். மூன்று முறை நன்கொடையாக லேசர் பிரிண்டர் வந்தது, மூன்றும் பெரிய அலுவலகத்துக்கானவை. யானையைக் கட்டித் தீனி போடும் கதைதான். டோனர் விலையைக் கேட்டுவிட்டு மூன்றையும் திருப்பிக் கொடுத்தோம்.

மென்பொருள் நன்கொடை தனி உலகம். டெக்சூப் என்ற அமைப்பு 1987-இல் அமெரிக்காவில் காம்ப்யூமென்டர் என்ற பெயரில் தொடங்கியது. கணினி தெரிந்த தன்னார்வலர்களைத் தொண்டு நிறுவனங்களோடு சேர்த்து வைப்பதுதான் அதன் முதல் வேலை. பிற்பாடு பெரிய நிறுவனங்கள் தரும் மென்பொருள்களை வாங்கிப் பகிர்ந்து தரும் இடமாக அது வளர்ந்தது. நாங்கள் அந்த வழியாகத்தான் போனோம். பதிவுச் சான்றிதழில் இருக்கும் பெயரும், வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும், வலைத்தளத்தில் இருக்கும் பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். எங்களுடையதில் ஒன்றில் "அறக்கட்டளை" இருந்தது, ஒன்றில் இல்லை. இதைச் சரிசெய்ய நாங்கள் பட்ட பாடு மென்பொருளை நிறுவுவதில்கூடப் படவில்லை.

மைக்ரோசாஃப்ட் தொண்டு நிறுவனங்களுக்கு மைக்ரோசாஃப்ட் 365 பிசினஸ் பிரீமியம் உரிமம் பத்தை இலவசமாகக் கொடுத்து வந்தது. 2025 ஜூலை 1-க்குப் பிறகு புதுப்பிக்க வரும் உரிமங்களுக்கு அந்த இலவசம் கிடையாது என்றானது. பிசினஸ் பேசிக் 300 பேர் வரை இலவசமாகத் தொடர்கிறது. பிரீமியம் வேண்டுமென்றால் சலுகை விலையில் வாங்கலாம். பேசிக்கில் வேர்டும் எக்செலும் பிரவுசரில்தான், கணினியில் நிறுவ முடியாது. கொடுத்தவர்கள் கொடுத்ததை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு, அதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் செய்த தவறு, பத்து உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பத்துப் பேருக்கும் கொடுத்துப் பழக்கியது. உண்மையில் கணினியில் நிறுவிய வேர்டு தேவைப்பட்டவர்கள் இரண்டே பேர். இன்று அந்த இரண்டுக்குத்தான் பணம் கட்டுகிறோம், மற்ற எட்டுப் பேரைப் பழக்கத்திலிருந்து இறக்கவே மூன்று மாதம் ஆனது.

கூகுளின் ஆட் கிரான்ட்ஸ் 2003-இலிருந்து நடக்கிறது. தகுதியான தொண்டு நிறுவனத்துக்கு மாதம் 10,000 டாலர் மதிப்புக்குத் தேடல் விளம்பரம் இலவசம். கேட்டவுடன் அறங்காவலர்கள் கண்ணில் விளக்கு எரிந்தது. ஒரு தன்னார்வலர் இரண்டு வாரம் உட்கார்ந்து விளம்பரங்களை அமைத்தார். அதற்கு ஒரு விதி உண்டு: விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் மாதம் 5 சதவீதமாவது அதை அழுத்த வேண்டும், தொடர்ந்து இரண்டு மாதம் அது குறைந்தால் கணக்கு நிறுத்தப்படலாம். அமைத்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், எங்களில் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, கணக்கு நின்றது. முழுக்க எங்கள் சோம்பல்தான். வாரம் இரண்டு மணி நேரம் அதைக் கவனிக்க ஆள் இல்லாத நிறுவனம் அதைத் தொடாமலிருப்பதே நல்லது. நாங்கள் திரும்பவும் விண்ணப்பிக்கவில்லை.

இனி மனிதர்களைப் பற்றி. கணினி கெட்டுப் போனால் தெரிந்துவிடும். தன்னார்வலர் கைவிட்டுப் போன வேலை சத்தமில்லாமல் கிடக்கும்.

எங்கள் முதல் வலைத்தளத்தைக் கட்டியவர் ஒரு கல்லூரி மாணவர். கெட்டிக்காரர். தளம் கட்ட வழக்கமாகப் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று எழுதினார். அழகாக இருந்தது. ஒரு தொலைபேசி எண்ணை மாற்ற வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, ஊர் மாறினார். ஒரு நாள் காலையில் தளம் திறக்கவில்லை. டொமைன், அதாவது தளத்தின் முகவரிப் பெயர், காலாவதியாகியிருந்தது. அது அவருடைய சொந்த மின்னஞ்சலில், கல்லூரி கொடுத்த முகவரியில் பதிவாகியிருந்தது. அந்த முகவரி படிப்போடு முடிந்துவிட்டது. நினைவூட்டல் கடிதங்கள் யாருமே திறக்க முடியாத பெட்டியில் போய் விழுந்துகொண்டிருந்தன.

டாட் ஆர்க் போன்ற டொமைன்களுக்கு நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கூடுதல் கட்டணம் கட்டிப் பழைய உரிமையாளர் திரும்ப எடுக்கலாம். பழைய உரிமையாளர் என்றால் ஏட்டில் அந்த மாணவர்தான். அவரைத் தேடிப் பிடித்து, அவர் அடையாளச் சான்று அனுப்பி, இருபத்து நான்காம் நாள் கைக்கு வந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "யார் பெயரில் பதிவு செய்ய?" என்று அவர் அன்று கேட்டபோது "உங்க பேர்லயே போடுங்க தம்பி, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு வந்ததுதான் சாவி நோட்டு. டொமைன், ஹோஸ்டிங், மின்னஞ்சல், வங்கி நுழைவு என எங்கள் பெயரில் எங்கெல்லாம் கணக்கு இருக்கிறது, எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கடவுச்சொற்கள் மட்டும் அதில் இல்லை. அவை கீபாஸ்எக்ஸ்சி என்ற இலவசப் பெட்டகத்தில் இருக்கின்றன, அதன் திறவுச்சொல் மூடிய உறையில் செயலாளரிடம். எந்தக் கணக்கும் ஆள் பெயரில் கிடையாது, பொறுப்பின் பெயரில்தான். ஒரு தன்னார்வலர் விடைபெறும் நாளில் அந்த நோட்டை எடுத்து மேசையில் வைத்து, அவர் தொட்ட பக்கங்களை அவரை வைத்தே சரிபார்ப்போம். இதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டவர் இதுவரை ஒருவரும் இல்லை. நல்ல ஆட்கள் தாங்களே கேட்டு வாங்கி எழுதுகிறார்கள்.

அடுத்தது ஹேக்கத்தான். ஒரு சனி, ஞாயிறு முழுக்க இளைஞர்கள் பலர் கூடி, எங்களைப் போன்ற சில அமைப்புகளுக்கு ஆப் செய்து தந்தார்கள். எங்களுக்கு வந்தது முதியவர்களைப் பார்க்கப் போகும் தன்னார்வலர்களுக்கான ஆப். வரைபடத்தில் வீடுகள் புள்ளியாகத் தெரியும், போய்ச் சேர்ந்ததும் ஜிபிஎஸ் தானே குறித்துக்கொள்ளும், மேலாளருக்கு வண்ண வண்ணமாக அறிக்கை வரும். கைதட்டினோம். ஆனால் எங்கள் தன்னார்வலர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள், பலரிடம் பட்டன் போன். ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்களுக்கும் நுழைய ஓடிபி வர வேண்டும், பல வீடுகளுக்குள் சிக்னல் வராது. மூன்று வாரத்தில் எல்லோரும் ரிஜிஸ்டருக்குத் திரும்பிவிட்டார்கள். பிழை திருத்தச் சொல்லலாம் என்று பார்த்தால் செய்தவர்கள் குழுவாகவே கலைந்துவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று. 2019-இல் ஒரு பெண்மணி வந்தார். தகவல் பகுப்பாய்வு அவர் தொழில். "உங்களுக்கு என்ன வேணும்னு இப்போ சொல்லாதீங்க. அரை நாள் இங்கே ஓரமா உட்கார்ந்துக்கறேன்" என்றார். தொலைபேசிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். மதியம் கிளம்பும்போது சொன்னார்: "அக்கா, அந்த ரிஜிஸ்டரை இன்னிக்குப் பத்தொன்பது தடவை திருப்பினீங்க. பதினாறு தடவை ஒரே விஷயத்தைத் தேடித்தான். இவரைக் கடைசியா யார், எப்போ பார்த்தாங்கன்னு."

அடுத்த வாரம் ஒரே ஒரு ஸ்பிரெட்ஷீட் கொண்டுவந்தார். ஒரு வரிக்கு ஒரு முதியவர். கடைசியாகப் பார்த்த நாள், பார்த்தவர், மருந்து தீரும் நாள், அடுத்த மருத்துவமனை நாள். பார்த்துப் பத்து நாள் ஆனால் அந்தக் கட்டம் சிவப்பாகும். மருந்து தீர ஐந்து நாள் இருக்கும்போது மஞ்சளாகும். பார்த்தவர் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டாம், பட்டியலிலிருந்து எடுத்தால் போதும். ஒரே ஆளை மூன்று விதமாக எழுதும் எங்கள் வியாதிக்கு அது மருந்து. இரண்டாம் தாளில், சிவப்பாகும் நாள் கணக்கை எப்படி மாற்றுவது, புது வரி எப்படிச் சேர்ப்பது என்று எங்களுக்குப் புரியும் தமிழில் பன்னிரண்டு வரி. அவ்வளவுதான். மேக்ரோ கிடையாது, சர்வர் கிடையாது.

2020-இல் வீடு வீடாகப் போக முடியாமல் தொலைபேசியில் விசாரிக்க ஆரம்பித்தபோது "போன்" என்று ஒரு நெடுவரிசையை அதில் நாங்களே சேர்த்தோம். அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்கு இன்றும் ஒரு கர்வம் உண்டு. ஆறு ஆண்டு தாண்டியும் காலையில் கணினியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது சிவப்புக் கட்டங்களைத்தான். இப்போது ஒரு தன்னார்வலர் புதிதாக எதையாவது செய்து தருகிறேன் என்றால், "நீங்க இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை இது நின்னு போனா நான் என்ன செய்யணும்?" என்று கேட்கிறேன். சிலர் முகம் சுருங்கும். சிலர் உடனே நோட்டை எடுப்பார்கள்.

தூரத்திலிருந்து உதவ விரும்புபவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று ரொம்ப நாள் எனக்குத் தெரியாமல் இருந்தது. எங்கள் தன்னார்வலர் ஒருவர் ஓய்வு நேரத்தில் ஹ்யுமானிடேரியன் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் குழுவுக்காக வரைபடம் போடுபவர். 2010 ஜனவரியில் ஹைட்டியில் நிலநடுக்கம் வந்தபோது உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரைந்தார்கள். அந்த அனுபவத்திலிருந்து அதே ஆண்டில் உருவான குழு அது. அவர் காட்டினார்: ஒரு நிலப்பரப்பைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டியிருப்பார்கள். ஒருவர் ஒரு சதுரத்தை எடுத்து வரைந்து முடிப்பார், இன்னொருவர் சரிபார்ப்பார். பாதியில் விட்டுப் போனாலும் அந்தச் சதுரம் மட்டும்தான் திரும்பக் காத்திருக்கும். எனக்குப் பொறி தட்டியது.

எங்களிடம் அப்போது ஒரு மலை இருந்தது. பதினைந்து வருடக் கடிதங்கள், பயனாளிகள் விவரம், கூட்டக் குறிப்புகள், எல்லாம் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திக் காட்டும் பாமினி எழுத்துருவில். எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது, ஆனால் எங்கள் தட்டச்சாளர் விரல்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. பாமினி இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் "அம்மா" இருந்த இடத்தில் நான்கு ஆங்கில எழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியும் நிற்கும். வரவேற்பறையைத் தாண்டி மற்ற கணினிகளும் லினக்ஸுக்கு மாறிய முதல் நாளே அலுவலகத்தில் அலறல். எழுத்துரு மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்ட முடியாது. தமிழோடு கலந்திருக்கும் ஆங்கில மருந்துப் பெயர்களையும் அது தமிழாக்கிவிடும். பாராசிட்டமால் இருந்த இடத்தில் யாராலும் உச்சரிக்க முடியாத ஒரு சொல் வந்து நின்றது. மருந்து விஷயத்தில் விளையாட முடியாதே.

ஆகவே சதுர வைத்தியம். பொதுக் கடிதங்களை மட்டும் இருபது இருபது கோப்பாகக் கட்டி, ஊர் ஊராக இருந்த தன்னார்வலர்களுக்கு அனுப்பினோம். ஒருவர் மாற்றுவார், இன்னொருவர் மூலத்தின் அச்சுப்படியோடு ஒப்பிடுவார். நான்கு மாதத்தில் முடிந்தது. ஐந்தாறு பேர் பாதியில் காணாமல் போனார்கள், எதுவும் கெட்டுப்போகவில்லை. பயனாளிகளின் பெயரும் நோயும் இருந்த கோப்புகளை மட்டும் வெளியே அனுப்பவில்லை. அவற்றை இருவர் அலுவலகத்துக்கே வந்து, இங்கேயே உட்கார்ந்து மாற்றினார்கள்.

இந்த எச்சரிக்கை தானாக வரவில்லை. ஆரம்ப நாள்களில் ஒரு தன்னார்வலர் சோதனைக்காக என்று எங்கள் முழுப் பட்டியலையும் தன் லேப்டாப்பில் இறக்கிக்கொண்டு போனார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆறு மாதம் கழித்து அந்த லேப்டாப்பை விற்றுவிட்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னபோது எனக்கு அந்த நான்கு ஹார்டு டிஸ்க்குகள்தான் நினைவுக்கு வந்தன. யாரோ ஒருவர் எங்கள் முதியவர்களின் பட்டியலைத் திறந்துவிட்டு, நான் மூடியதுபோல் மூடுவாரா? இப்போது சோதனைக்கென்று பொய்ப் பெயர்கள் கொண்ட ஐம்பது வரிப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறோம். எல்லாருக்கும் தொண்ணூற்றொன்பது வயது, எல்லாருக்கும் முழங்கால் வலி.

2022-இல் ஒரு கணக்கெடுப்புக்கு கோபோடூல்பாக்ஸ் என்ற படிவ மென்பொருளைப் பயன்படுத்தினோம். சிக்னல் இல்லாத வீட்டிலும் போனில் படிவத்தை நிரப்பிவிட்டு, வெளியே வந்து அனுப்பலாம். சொன்னபடி வேலை செய்தது. அதில் எழுத வேறு ஒன்றுமில்லை, அதுவே பெரிய பாராட்டு.

பழைய பொருள் வாங்குபவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று, அது கடைசியில் உங்கள் தலையில்தான் விடியும். உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது என்கிறது ஐநா அமைப்புகள் வெளியிட்ட கணக்கு. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குப் பதிவு இருப்பது 22.3 சதவீதத்துக்குத்தான். எங்கள் மாடிப்படிக்குக் கீழே மீதியில் கொஞ்சம் இருந்தது. செத்துப்போன யுபிஎஸ் பேட்டரிகள், உப்பிப்போன லேப்டாப் பேட்டரி ஒன்று, யாருக்கும் வேண்டாத விசைப்பலகைகள். அந்த உப்பிய பேட்டரியைப் பார்த்த தம்பி பதறிப்போனார். லித்தியம் பேட்டரி உப்பினால் அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, சார்ஜ் போடவே கூடாது, தீப்பிடிக்கும். நான் அதன் மேல் கோப்புக் கட்டு அடுக்கி வைத்திருந்தேன். இப்போது பொருள் தருபவர்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கிறேன்: ஆயுள் முடிந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா? பெரிய நிறுவனங்களுக்கு ஏற்கெனவே மறுசுழற்சி ஒப்பந்தம் இருக்கும், பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான அப்டேட் நின்றது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும் நல்ல கணினிகளெல்லாம் ஒரே நேரத்தில் அலுவலகங்களிலிருந்து கிளம்பின. அந்த ஆண்டு முழுக்க எனக்குத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. 2018-இல் பதினொரு கணினிக்குக் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்ட நான், இப்போது நாற்பது கணினி தருகிறேன் என்றவரிடம் ஆறு போதும் என்றேன். ஏழாம் தலைமுறை, 8 ஜிபி ராம், லினக்ஸ் மின்ட்டுக்குத் தாராளம். பழைய எட்டில் இன்னும் மூன்று ஓடுகின்றன, அவற்றுக்கு ஓய்வு கொடுக்கலாம். "மீதியையும் வெச்சுக்கோங்களேன், நல்ல கண்டிஷன்தான்" என்றார் அவர், கொஞ்சம் மனம் நொந்து. எங்களிடம் கணினியில் உட்காரும் ஆள் எட்டுப் பேர்தான் சார் என்றேன். வேறு இரண்டு அமைப்புகளின் எண்ணைக் கொடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆறும் வருகின்றன. டிஸ்க் துடைத்த கடிதம் ஏற்கெனவே மின்னஞ்சலில் வந்துவிட்டது. பவர் கேபிள் ஆறு, டிஸ்ப்ளேபோர்ட் அடாப்டர் ஆறு என்று எழுதியும் வாங்கிவிட்டேன்.